சுவருக்கும் ஜன்னலுக்கும் இடையே ஓடும் இன்னொரு கதை

கேள்வி: எனக்கு 33 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவரும் 7 வயது மகளும் இருக்கிறார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து என் மனதுக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்போது வீட்டில் தினமும் சண்டை. அந்தக் கதையில் எனக்கு ஓர் அண்ணன் உண்டு. நிஜத்தில் நான் ஒரே பிள்ளை. கதையில் நான் பெரிய அதிகாரி. எல்லோரும் என் பேச்சைக் கேட்பார்கள். இரவில் இவர்கள் தூங்கிய பிறகு ஹெட்போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு, சுவரிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஜன்னலிலிருந்து சுவர் வரைக்கும் நடந்தபடியே கதைக்குள் போய்விடுவேன். மணியைப் பார்த்தால் ஒன்றரை ஆகியிருக்கும். பகலிலும் அது விடுவதில்லை. ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரம் இப்படியே போகிறது. பதவி உயர்வுத் தேர்வுக்கு மூன்று வருடமாகப் புத்தகத்தைத் திறக்கவில்லை. போன மாதம் மகள் தான் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். “ரொம்ப அழகா இருக்குடா” என்றேன். அவள் காகிதத்தின் வெற்றுப் பக்கத்தைத்தான் என் முன்னால் பிடித்திருந்தாள். நான் பார்க்கிறேனா என்று சோதித்திருக்கிறாள். இனிமேல் கனவே காணக்கூடாது என்று பல முறை சபதம் எடுத்துவிட்டேன். மூன்று நாள் கூடத் தாங்கவில்லை. இதை நிறுத்த முடியுமா? கணவரிடம் சொல்லலாமா? எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பைத்தியம் இல்லை. இருபத்தொரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் மனதில் சுமந்த பயம் அந்த ஒற்றை வரியில் இருப்பதை உணர்கிறேன். அதைச் சுமந்துகொண்டே மற்ற பதில்களை உங்களால் நிதானமாகப் படிக்க முடியாது. மனச்சிதைவு போன்ற நோய்களில் மனிதர் தம் கற்பனையை நிஜமென்று நம்பிவிடுகிறார். இல்லாத குரல் வெளியிலிருந்து வருவதாகவே அவருக்குக் கேட்கிறது. நீங்களோ “நிஜத்தில் நான் ஒரே பிள்ளை” என்று ஒரே வாக்கியத்தில் பிரித்து எழுதிவிட்டீர்கள். எது கதை, எது வாழ்க்கை என்பதில் உங்களுக்கு ஒரு கணமும் குழப்பமில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் உங்களுக்கு மிக நன்றாகத் தெரிகிறது. அது தெரிவதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

பகற்கனவு காண்பது மனித மனத்தின் இயல்பு. 2010-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், 2,250 பேரிடம் கைப்பேசிச் செயலி வழியாக நாளின் பல நேரங்களில் “இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது” என்று கேட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 சதவீதம், மனம் கைவேலையை விட்டு வேறெங்கோ இருந்தது தெரியவந்தது. அதே ஆய்வில் இன்னொன்றையும் கண்டார்கள்: இனிமையான நினைவுகளில் மனம் உலவிய நேரத்தில்கூட, செய்துகொண்டிருந்த வேலையில் மனம் ஒன்றியிருந்த நேரத்தைவிட மக்கள் அதிக மகிழ்ச்சியாக இருக்கவில்லை. கனவில் இருக்கும் நேரம் இன்பமானது, நிஜத்தில் இருக்கும் நேரம் துன்பமானது என்று நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு அவ்வளவு சரியானதில்லை என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

மனக்கோட்டை கட்டுவதிலும் பல வகை உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பகற்கனவை ஆராய்ந்த ஜெரோம் சிங்கர் அதை மூன்றாகப் பிரித்தார். விளையாட்டும் திட்டமிடலும் கலந்த ஆக்கபூர்வமான கனவு ஒன்று. குற்ற உணர்வும் அச்சமும் தோல்வியும் திரும்பத் திரும்ப வரும் கனவு இன்னொன்று. எதிலும் நிலைக்காமல் கவனம் சிதறிக்கொண்டே இருப்பது மூன்றாவது. முதல் வகையால் கெடுதல் இல்லை. நாளை பேச வேண்டியதை மனதில் ஒத்திகை பார்ப்பதும், ஒரு குழந்தை பொம்மைக்குப் பெயர் வைத்துப் பேசுவதும் அந்த வகைதான். நீங்கள் எழுதியிருப்பது இந்த மூன்றிலும் முழுமையாக அடங்காத ஒன்று. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகப் பேராசிரியர் எலி சோமர் 2002-இல் இதைத் தனியாக அடையாளம் கண்டு எழுதினார். சிறுவயதுக் காயங்களுக்காகத் தம்மிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஆறு பேர், தங்களுக்குள் ஒரு முழு உலகத்தையே கட்டி, அதில் மணிக்கணக்காக வாழ்ந்துவந்ததை அவர் கவனித்தார். ‘வாழ்வைக் குலைக்கும் பகற்கனவு’ என்று தமிழில் அதைச் சொல்லலாம். அதன் பிறகு பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் இதே அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வருடக்கணக்காக வளரும் கதை, அதில் பெயரும் முகமும் குணமும் கொண்ட மனிதர்கள், உள்ளே நுழையப் பாட்டு, கூடவே முன்னும் பின்னும் நடப்பது அல்லது கையில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பது என்று அவர்கள் சொன்னதும் நீங்கள் எழுதியதும் அடிக்கு அடி ஒத்துப்போகின்றன. சுவருக்கும் ஜன்னலுக்கும் இடையில் நடப்பவர் உலகத்தில் நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியல்களில் இது இன்னும் தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. எனவே ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு உங்களுக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டுவது முறையாகாது. அப்படிச் செய்யவும் மாட்டேன். பதினாறு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அதை ஓர் ஆலோசகருடன் உட்கார்ந்து நிரப்பினால் பயன் உண்டு. தனியாக நிரப்பி, மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்துகொள்வதில் பயனில்லை. இன்றைக்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கதை உங்கள் அன்றாட வாழ்க்கையில் எதை எடுத்துக்கொள்கிறது, அதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறது?

நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு மணி நேரம் பெரிய நேரம்தான். ஆனால் என் அனுபவத்தில், நேரம் போவது இதில் சின்ன இழப்பு. நேரம் திரும்பக் கிடைத்தாலும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய இழப்பு எங்கே நடக்கிறது என்பதை உங்கள் தேர்வுப் புத்தகத்தை வைத்தே சொல்ல முடியும்.

ஒரு மனிதர் உழைப்பது ஒன்று வேண்டும் என்பதால். வேண்டும் என்ற அந்தப் பசிதான் அவரை நாற்காலியில் உட்கார வைக்கிறது. கதைக்குள் நீங்கள் ஏற்கெனவே அதிகாரி. பாராட்டு விழா முடிந்துவிட்டது. மேலதிகாரி எழுந்து நின்று கைகொடுத்துவிட்டார். அந்தக் காட்சி உங்கள் உடம்பில் உண்டாக்கிய நிறைவு உண்மையான நிறைவு. செய்யாத வேலைக்குக் கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டவர் மறுநாள் எதற்காகக் களத்துக்குப் போவார்? கப்ரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். படிப்பை முடிக்கும் மாணவர்களில், நல்ல வேலை கிடைத்துவிட்டது போன்ற இனிய காட்சிகளை அடிக்கடி மனதில் கண்டவர்கள், இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது குறைவான விண்ணப்பங்களையே அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு வந்த வாய்ப்புகளும் சம்பளமும் குறைவாகவே இருந்தன. முடியும் என்று நம்பியவர்களோ நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். ஆக, நம்புவது வேறு, முடிந்துவிட்டதாகக் கண்டு சுவைப்பது வேறு. 2011-இல் ஹெதர் கப்பெஸ் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வுகளில், விரும்பியது கைகூடிவிட்டதாகக் கற்பனை செய்தவர்களின் இரத்த அழுத்தம் சற்று இறங்கியது. வேலை முடிந்த உடம்பு ஓய்வெடுப்பது போல உடம்பு தளர்ந்தது. மூன்று வருடமாகப் புத்தகத்தைத் திறக்காததற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று உங்களை நீங்களே திட்டியிருப்பீர்கள். ஒவ்வோர் இரவும் தேர்ச்சி பெற்றுவிட்டுத் தூங்கப் போகும் ஒருவர் காலையில் புத்தகத்தைத் திறக்காததில் எனக்கு வியப்பில்லை.

அலுவலகத்தில் இது வேறு உருவத்தில் வரும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் விவரித்த காட்சியைச் சொல்கிறேன். மேலாளருக்கு இரண்டு வரியில் பதில் எழுத வேண்டிய ஒரு மின்னஞ்சல். “ஐயா, நீங்கள் கேட்ட” என்று தட்டச்சு செய்தார். அங்கே நின்றார். அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு மேலாளர் தம்மை அறைக்கு அழைப்பது போலவும், அங்கே ஒரு கூட்டம் நடப்பது போலவும், அதில் தாம் எழுந்து பேசுவது போலவும் காட்சிகள் விரிந்தன. திரும்பிப் பார்க்கும்போது முக்கால் மணி நேரம் போயிருந்தது. திரையில் அந்த மூன்று சொற்கள். மூன்றாவது சொல்லின் பக்கத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. அன்று கூட்டத்தில் தாம் பேசிய பேச்சு அவருக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. மேலாளர் கேட்டிருந்த தகவல் என்னவென்று மறுபடி படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு நாளில் நான்கைந்து முறை நடந்தால், மாலையில் வரும் களைப்பு உழைத்த களைப்பைவிடக் கொடியது. ஏனென்றால் உணர்ச்சிகள் எல்லாம் உண்மையாகச் செலவாகியிருக்கின்றன. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்து மனிதர்கள். உங்கள் கதையில் வரும் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் விரிவாக எழுதவில்லை. ஆனாலும் அவர் நீங்கள் அழைக்காமல் வருவதில்லை, வந்தால் உங்கள் பக்கம்தான் பேசுவார், தமக்கென்று எதையும் கேட்கமாட்டார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. நிஜ மனிதர்கள் அப்படியில்லை. கணவர் வேலையிலிருந்து எரிச்சலோடு வருவார். சொன்னதைப் பாதி கேட்பார். நீங்கள் அழுதால் என்ன சொல்வதென்று தெரியாமல் கைப்பேசியை எடுப்பார். கதையில் உள்ளவரோடு ஒப்பிட்டால் எந்த மனிதரும் தோற்றுத்தான் போவார். இந்த ஒப்பீடு நீங்கள் அறியாமலேயே தினமும் நடக்கிறது. அதைவிட முக்கியமாக, ஆறுதல் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் நீங்கள் அண்ணனிடம் போய்விடுவதால், உங்களுக்கு ஆறுதல் சொல்லக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே உங்கள் கணவருக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று இத்தனை வருடத்தில் அவரிடம் எத்தனை முறை வாய்விட்டுக் கேட்டிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. பசி வெளியே தெரியாமல் உள்ளேயே தீர்ந்துபோனால் வீட்டில் உள்ளவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

இப்படி வாழ்க்கை வறண்டுபோகிறது. வறண்ட வாழ்க்கையிலிருந்து தப்பிக்கக் கதை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. கதை அதிகமாக, வாழ்க்கை இன்னும் வறள்கிறது. இந்தச் சுழலைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். இப்படிப் பகற்கனவில் சிக்கியிருந்த 77 பேரைத் தொடர்ந்து 14 நாட்கள் நாட்குறிப்பு எழுதச் சொல்லி நிரிட் சோஃபர்-டூடெக், எலி சோமர் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கனவு தீவிரமாக இருந்த நாட்களில் மனக்கலக்கமும் எதிர்மறை உணர்வுகளும் கூடவே அதிகமாக இருந்தன. தப்பிப்பதற்காகப் போகும் இடம் தப்பிக்க வைக்கவில்லை.

இனி, அந்தக் கதையை நான் மதிக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். “அப்போது வீட்டில் தினமும் சண்டை” என்று ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதில், கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் கத்திக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு சிறுமிக்குப் போவதற்கு வேறு இடமில்லை. பேச ஒரு கூடப்பிறந்தவர்கூட இல்லை. அவள் தன் மனதிலிருந்தே ஓர் அண்ணனை உருவாக்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வருடங்களைக் கடந்துவந்திருக்கிறாள். அது பைத்தியக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் நான் கடுமையாக மறுப்பேன். அந்தச் சிறுமியைக் கெட்டுப்போகாமல் காப்பாற்றியது அந்தக் கதை. அன்று அது தேவைப்பட்ட மருந்து. இன்று சண்டை ஓய்ந்துபோன வீட்டில், கதவைத் திறந்து வெளியே வரக்கூடிய வயதில், அதே மருந்தை அதே அளவில் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகையால் கதையை எதிரியாக நினைத்து வெட்டி எறிய முயலாதீர்கள். அது அவமானப்பட வேண்டிய ரகசியமும் இல்லை.

சபதம் எடுத்தது மூன்று நாள் கூடத் தாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் மன உறுதியின் குறை என்று எண்ண வேண்டாம். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் ஒரு சோதனை செய்தார். ஐந்து நிமிடம் ஒரு வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கவே கூடாது, நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று சிலரிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. எண்ணத்தை அடக்க முயன்றால் அது அழுத்திய பந்து போல மேலே வரும். அதனால் இனி சபதம் வேண்டாம். அதற்குப் பதிலாக நான் சொல்வதை வரிசை மாறாமல் செய்து பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்க வேண்டாம். ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்கி, கதைக்குள் போய்த் திரும்பியதை உணரும் ஒவ்வொரு முறையும் மூன்றே மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எப்போது திரும்பினேன், போவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கதையில் எனக்கு என்ன கிடைத்தது. மூன்றாவதுதான் மிக முக்கியம். “அண்ணன் வந்தார்” என்று எழுதினால் போதாது. “நான் சொன்னதை ஒருவர் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார்” என்று எழுதுங்கள். “பரிசு கிடைத்தது” என்று நிறுத்தாமல் “என்னைக் கேலி செய்தவர் முன்னால் தலைநிமிர்ந்து நின்றேன்” என்று எழுதுங்கள். பத்து நாளில் உங்களுக்கே ஒன்று புலப்படும்: கதைகள் ஆயிரம் இருக்கலாம், அவை கொடுப்பது இரண்டு அல்லது மூன்று விஷயங்களை மட்டும்தான். அந்த இரண்டு மூன்றும்தான் உங்கள் நிஜ வாழ்க்கையில் இல்லாதவை. எதற்குப் பசிக்கிறது என்று தெரியாமல் பசியைத் தீர்க்க முடியாது. இப்படித் தன்னைத் தானே கவனித்து எழுதுவதும், இந்தக் கணத்தில் மனத்தை நிறுத்தும் பயிற்சியும் சேர்ந்தால் பலன் தருவதாக, இதற்கென்றே நடத்தப்பட்ட சிகிச்சைச் சோதனையில் தெரியவந்திருக்கிறது. அந்தப் பயிற்சியை நூலைப் படித்துச் செய்வதைவிட ஓர் ஆலோசகரிடம் கற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

மூன்றாவது வாரத்திலிருந்து வாசலை மாற்றுவோம். பாட்டும் நடையும் சேர்ந்துதான் உங்களைக் கதைக்குள் அழைத்துப்போகின்றன. இரண்டையும் ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு துடிக்கும். எனவே அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். நடக்க வேண்டுமென்று தோன்றினால் ஹெட்போன் இல்லாமல், முடிந்தால் வீட்டுக்கு வெளியே, வெளிச்சம் இருக்கும் நேரத்தில் நடங்கள். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் உட்கார்ந்து, கையில் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு, ஹெட்போனில் இல்லாமல் அறையில் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். இரவில் ஹெட்போனைப் படுக்கையறையில் வைக்க வேண்டாம். ஒன்றரை மணிவரை விழித்திருப்பவருக்கு மறுநாள் கவனம் சிதறத்தான் செய்யும். சிதறிய கவனம் நேராகக் கதைக்குள்தான் போகும். ஆகவே உறக்கத்தைச் சரிசெய்வது பகலில் வரும் கனவில் பாதியைச் சரிசெய்வதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன். முதல் சில இரவுகள் மனம் வெறுமையாகவும், யாரையோ பிரிந்தது போலவும் இருக்கும். உண்மையிலேயே அது ஒரு பிரிவுதான். கண்ணீர் வந்தால் வரட்டும்.

பகலில் கதை இழுக்கும்போது அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். “கதை ஆரம்பிக்கிறது” என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிவிட்டு, கால் தரையில் படுவதையும் கை மேசையில் இருப்பதையும் கவனித்து, செய்துகொண்டிருந்த வேலையின் அடுத்த மிகச் சிறிய பகுதியை மட்டும் செய்யுங்கள். மின்னஞ்சல் என்றால் அடுத்த ஒரு சொல். கணக்கு என்றால் அடுத்த ஒரு வரி. நாளுக்கு நாற்பது முறை இப்படித் திரும்ப வேண்டியிருக்கலாம். நாற்பது முறை போனோமே என்று எண்ணாமல், நாற்பது முறை திரும்பினேன் என்று எண்ணுங்கள். பயிற்சி நடப்பது அந்தத் திரும்புதலில்தான்.

தேர்வைப் பற்றி. உங்கள் அதிகாரிக் கனவை நான் பறிக்க விரும்பவில்லை. அதில் ஓர் உண்மையான விருப்பம் இருக்கிறது. ஓட்டிங்கன் சொல்லும் வழி இதற்கு நன்றாகப் பொருந்தும். வாரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் மட்டும், தேர்ச்சி பெற்ற காட்சியை மனதில் பாருங்கள். உடனே, அதே மூச்சில், அதற்குத் தடையாக உங்களுக்குள் இருப்பது எது என்று கேட்டு அதையும் அதே அளவு தெளிவாகப் பாருங்கள். “இரவு பத்து மணிக்கு மகள் தூங்கியதும் என் கை ஹெட்போனைத் தேடுகிறது” என்று அந்தத் தடை காட்சியாகவே வர வேண்டும். பிறகு அந்தத் தடைக்கு ஒரு பதிலைத் தயாராக வையுங்கள்: “மகள் தூங்கிவிட்டால், நான் விளக்கின் கீழ் உட்கார்ந்து புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பேன்.” ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்ற இந்த அமைப்பை ஆராய்ந்தவர் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர். பொதுவாக ‘இனி படிப்பேன்’ என்று முடிவெடுப்பவர்களைவிட, நேரத்தையும் இடத்தையும் செயலையும் இப்படி முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் அதிகமாகச் செய்துமுடிக்கிறார்கள். இரண்டு பக்கம் குறைவு என்று தோன்றும். மூன்று வருடமாகப் பூஜ்யம் பக்கம் படித்தவருக்கு இரண்டு பக்கம் நிறையவே.

மகளின் விஷயம் உங்களை எவ்வளவு உறுத்துகிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. வெற்றுக் காகிதத்தைக் காட்டிச் சோதித்த குழந்தை இன்னும் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. நம்பிக்கை போன குழந்தை சோதிப்பதில்லை; காட்டுவதையே நிறுத்திவிடும். அவளிடம் நீளமாக விளக்க வேண்டாம். “அன்றைக்கு நீ காட்டியதை அம்மா பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே அழகா இருக்குன்னு சொல்லிட்டேன். அது தப்பு. அந்தப் படத்தை இப்போ காட்டுறியா?” என்று கேளுங்கள். காட்டினால், அழகாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். படத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். “இந்த வீட்டுக்கு ஏன் கதவு பக்கவாட்டில் இருக்கு?” என்று கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், அம்மா பார்க்கிறாள் என்று. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், கைப்பேசி வேறு அறையில் இருக்க, அவள் சொல்லும் விளையாட்டை அவள் சொல்லும்படி விளையாடுங்கள். நாள் முழுவதும் அவளோடு இருக்க முயன்று மனம் நழுவிப்போவதைவிட, இந்தப் பதினைந்து நிமிடம் முழுதாக இருப்பது அவளுக்குப் போதும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பாருங்கள் என்றே சொல்வேன். இந்த வகைப் பகற்கனவு தனியாக வருவது குறைவு. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 39 பேரை நேரில் விசாரித்தபோது, அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் கவனக்குறைபாட்டுக் கோளாறு இருந்தது. பதற்றமும் மனச்சோர்வும், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோயும் பலருக்குச் சேர்ந்தே இருந்தன. அவை உங்களுக்கும் இருக்கும் என்பது இதன் பொருளில்லை. இருந்தால் அவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு, அது சரியானால் கதையின் பிடியும் தளரும் என்பதற்காகச் சொல்கிறேன். பகற்கனவுக்கென்றே நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை; எனவே யாருடைய அனுபவத்தையோ கேட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் தொட வேண்டாம். பன்னிரண்டு வயதில் வீட்டில் நடந்தவற்றைப் பேசுவதற்கும் உங்களுக்கு ஓர் இடம் தேவை. அதை நோட்டுப் புத்தகத்தோடு தனியாகச் செய்ய முயலாதீர்கள். ஆலோசகரிடம் “எனக்குக் கவனம் சிதறுகிறது” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், அண்ணனைப் பற்றியும் நடப்பதைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதை முன்பே கேள்விப்படாத ஒருவர் ‘எல்லோரும்தான் கனவு காண்கிறார்கள்’ என்று தள்ளிவிட்டால், சோர்ந்துபோகாமல் இன்னொருவரைத் தேடுங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்றோ, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எப்போதாவது தோன்றினால், அன்றே, காத்திராமல் உதவியை நாடுங்கள்.

கணவரிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள். ஆனால் சண்டைக்குப் பிறகோ, தூக்கத்தில் கண் சொருகும் நேரத்திலோ வேண்டாம். கதையின் உள்ளே நடப்பதையெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அண்ணனைப் பற்றிச் சொல்ல வாய் வராவிட்டால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். “சின்ன வயசிலிருந்து எனக்குக் கஷ்டமா இருந்தா மனசுக்குள்ளேயே ஒரு கதைக்குள் போயிடுவேன். இப்போ அது அதிகமாயிடுச்சு; உங்களோடவும் குழந்தையோடவும் இருக்கிற நேரத்தையும் அது எடுத்துக்குது. அதிலிருந்து வெளியே வர முயற்சி பண்றேன், உங்க உதவி வேணும்” என்ற அளவு போதும். அவரால் செய்யக்கூடிய ஒரே ஓர் உதவியைக் குறிப்பாகக் கேளுங்கள். இரவில் எழுந்து வரும்போது நீங்கள் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தால், கேள்வி கேட்காமல், கேலி செய்யாமல், உங்கள் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தில் அன்று அலுவலகத்தில் நடந்த ஏதாவது ஒன்றை, சிறியதாக இருந்தாலும், அவரிடம் சொல்லுங்கள். அவர் முதல் நாளே புரிந்துகொள்ளாமல் போகலாம். இரண்டு வாரம் கழித்து, விருப்பமிருந்தால், நோட்டுப் புத்தகத்தில் நீங்கள் மூன்றாவதாக எழுதி வைத்தவற்றிலிருந்து ஒரு வரியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.